வீட்டுத் தமிழும் வீதிக் கன்னடமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இம் மைசூர் நகரில் நம் வீட்டு வாயிலுக்கு உள்ளே ஒரு மொழி; வெளியே மற்றொரு மொழி. இவ்விரண்டும் உறவாடி வாழுமா, ஒன்றையொன்று இழக்குமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அடுக்களையைப் பார்ப்போம். நம் பால் கன்னடர்க்கு ஹாலு. நம் பூ, ஹூ. நம் புளி, ஹுளி. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்திலேயே தொடங்கின. பின்னரே பகரம் ஹகரமாயிற்று. புளியிட்ட பருப்புக் குழம்புக்கும் ஹுளி என்றே பெயர். ஆனால் மேலுக்கோட்டைக் கோயிலின் புளியோதரையை அவர்கள் 'புளியோகரெ' என்பர். அங்கே பகரம் மாறவில்லை. இராமானுசர் வழிவந்த தமிழ்க் குடும்பங்களின் நாவொலி அச்சொல்லில் இன்றும் கேட்கிறது என்னலாம்.

இவ்வுறவு சோற்றோடு நிற்பதன்று. அகநானூற்றின் 36ஆம் பாடல், தலையாலங்கானத்துப் போரில் எருமையூரன் என்னும் தலைவனைக் குறிக்கிறது. எருமையூர் என்பது இம் மைசூரே என்பர் அறிஞர் பலர். 1004ஆம் ஆண்டளவில் கங்கவாடியை வென்ற சோழர், தலைக்காட்டிற்கு இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ 1116இல் ஹொய்சள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனைக் கைப்பற்றினான். அரசுகள் மறைந்தன, கல்வெட்டுகள் நின்றன. தலைக்காட்டிலும் கோலாரிலும் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளை லூயி ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளிற் காணலாம்.

போர் நடந்த மண்ணில் கல்வியுறவும் வளர்ந்தது. நன்னூலைப் பவணந்தி முனிவரைக் கொண்டு செய்வித்த சீயகங்கன், கன்னட நாடாண்ட கங்கர் குலத்தின் வழிவந்தவன். அக்குலத்தான் வேண்டியதால் நமக்கோர் இலக்கணம் கிடைத்தது.

நம் காலத்துச் சான்று ஒன்றும் கூறுவேன். 1929இல் இந்நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர் ஏ. கே. இராமானுசன். மாடியில் தந்தையோடு ஆங்கிலம், கீழே தாயோடு தமிழ், தெருவிலே கன்னடம் எனத் தம் இளமையை அவர் விவரித்துள்ளார். கன்னடத்திற் கவிதை எழுதிய அவரே, 1967இல் குறுந்தொகைப் பாடல்களையும் 1973இல் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்தில் வழங்கினார். ஒரு மொழியைக் கற்க மற்றொன்றை அவர் கைவிடவில்லை.

நம் நிலை என்ன? 1991 திசம்பரில் காவிரிப் பூசலின்போது பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர் பலர் வீடும் பொருளும் இழந்தனர். அந்நினைவு நம்மிற் பலர்க்கு இன்னும் ஆறவில்லை. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் நீரைப் பங்கிடுதல் மன்றங்களின் பணி. அண்டை வீட்டாரோடு பேசிப் பழகுதல் நம் பணி. பேச்சற்ற தெருவில்தான் வதந்தி எளிதிற் பரவும்.

மற்றொரு கவலையும் உண்டு. நம் பிள்ளைகளிற் பலர் தமிழைக் கேட்டறிவர், படிக்க அறியார். கன்னடத்தையோ தேர்வுக்கு மட்டும் கற்பர். இவ்வாறே சென்றால், இருமொழிச் செல்வத்திற்கு உரியவர் இரண்டிலும் ஏழையாவர்.

ஆகவே மூன்று வேண்டுகோள். நாள்தோறும் அரைமணி நேரம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கக் கற்பியுங்கள். திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரு கன்னடக் குடும்பத்தை விருந்துக்கு அழைத்து, அவர்தம் ஊரையும் கதையையும் உணவையும் கேட்டறியுங்கள், நம்முடையவற்றையும் கூறுங்கள். விடுமுறையில் பிள்ளைகளைத் தலைக்காட்டிற்கு அழைத்துச் சென்று, இருமொழிக்கும் இடந்தந்த அம்மண்ணைக் காட்டுங்கள்.

இம்மண்ணில் நாம் அயலாரும் அல்லர். இதற்கு நாம் மட்டுமே உரியவரும் அல்லர். இதனை உணர்ந்து நம் பிள்ளைகள் இரு மொழியிலும் தலைநிமிர்ந்து பேசுவார்களாக!