பெயிண்ட் கடைசியில்தான்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய காரைச் சரிசெய்து வாகனச் சோதனையில் தேற வைப்பது எப்படி என்று நேயர்களுக்குச் சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த காரை வைத்தே பேசுகிறேன். அதுதான் முதல் புரோட்டோன் சாகா.

மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் செய்து, 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகப்படுத்திய கார் அது. அதே ஆண்டு பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த அப்போதைய பிரதமர் மகாதீர், சாகாவை ஓட்டிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தார். நம் தோட்டப்புறங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிளுக்குப் பிறகு வந்த முதல் கார் இதுதான். கல்யாணம், மருத்துவமனை, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காடி. அதனால் யாராவது ஒரு பழைய சாகாவை இழுத்துக்கொண்டு வந்தால், இரும்புக் கடைக்குப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. காரை விற்றுப் பெயர் மாற்றும்போது, இஞ்சினை மாற்றும்போது என்று சில சமயங்களில்தான் சோதனைக்குப் போகிறோம். 1994-இல் தொடங்கிய புஸ்பாகோம் நிறுவனத்திடம் மட்டுமே 2024 ஆகஸ்டு வரை இந்த வேலை இருந்தது. இப்போது மற்ற நிறுவனங்களும் வரலாம். யார் சோதித்தாலும் பார்ப்பது ஒன்றுதான். பத்து, இருபது ஆண்டுகளாக யாருமே அடியில் குனிந்து பார்க்காத கார், ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவரிடமிருந்து சாகா ஒன்றை வாங்கி வந்தார். "அண்ணே, நல்ல பெயிண்டா அடிச்சுட்டா பாஸ் ஆயிடும்ல?" என்று கேட்டார். "தம்பி, பெயிண்ட் கடைசியில்தான். முதலில் அடியைப் பார்ப்போம், வாங்க" என்று சொல்லி, காரைத் தூக்கி நிறுத்தினேன்.

நேயர்களே, நம் பகுதியில் கார் துருப்பிடிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாக எண்ணெய்ப் பனை நட்டது, 1917-இல், நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான். இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் நிறைய வேண்டும். அது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு வகை. அந்த உரமூட்டையைக் கார் பூட்டில் ஏற்றிப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். சிந்திய உரம் விரிப்புக்கு அடியில் தங்கி, ஈரத்தை இழுத்துக்கொண்டு தகரத்தை மெல்ல மெல்லத் தின்னும். அதோடு மண்சாலைச் சேறு சக்கர வளைவுக்குள் கெட்டியாக அப்பிக்கொள்ளும். ஜெராம் பக்கம் குடியிருந்தால் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

அந்தச் சாகாவின் பூட் விரிப்பைத் தூக்கினேன். விரல் வைத்த இடத்தில் தகரம் பிஸ்கட்டாக உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது!

துருவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திருப்புளியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, கால் வைக்கும் தளம், சஸ்பென்ஷன் கம்பிகள் வந்து பொருந்தும் இடம், பேட்டரி உட்காரும் தட்டு என்று ஒன்று விடாமல் தட்டுங்கள். நல்ல தகரம் கணீர் என்று பேசும். துருவேறிய தகரம் பொத்தென்று செத்த குரல் கொடுக்கும். அந்த இடத்தில் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும்.

அதற்கு மேல் புட்டி பூசி மறைக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். புட்டி எந்தப் பாரத்தையும் தாங்காது. கெட்டுப்போன பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பக்கத்தில் பெட்ரோல் தொட்டியோ குழாயோ இருந்தால் அதையும் கழற்றி வெளியில் வையுங்கள். வெல்டிங் முடிந்ததும் துருத்தடுப்புப் பூச்சு, உள்பக்கம் மெழுகுப் பூச்சு. இந்த வேலைக்கு நாள் பிடிக்கும். ஆனால் குழந்தைகள் உட்காரும் இடத்தின் அடித்தளம் அது. அங்கே அவசரம் ஆகாது.

அடுத்தது சேசிஸ் எண். நான் பார்த்த சாகாக்களில், இஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் அதை அடித்திருப்பார்கள். இந்தக் காரில் யாரோ அதன்மேல் கனமாகக் கறுப்புப் பூச்சு அடித்துவிட்டிருந்தார்கள். எண் படிக்க முடியாவிட்டால் சோதனை அங்கேயே நின்றுவிடும். அரைக்கும் இயந்திரத்தை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. துணியில் தின்னர் நனைத்துப் பொறுமையாக ஒற்றி எடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக மேலே வந்தது. காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்த்தபோது அந்தத் தம்பி முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! இஞ்சின் எண்ணும் அப்படித்தான். ஹாஃப் கட் கடையிலிருந்து வேறு இஞ்சின் வாங்கிப் பொருத்தியிருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அதை முறைப்படி பதிந்தாக வேண்டும்.

பிரேக் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் நின்ற காரில் பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். உள்ளே பிஸ்டன் இறுகிப்போயிருக்கும். சாகாவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் டிரம்மைக் கழற்றினால், உள்ளே எண்ணெய் கசிந்து பிரேக் கட்டையெல்லாம் நனைந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சோதனையில் சக்கரங்களை உருளையில் ஏற்றி இடது, வலது இரண்டின் பிரேக் பலத்தையும் ஒப்பிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மழைநாளில் கார் சுழன்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த உருளை.

நேரம் நெருங்குகிறது, மற்றதை விரைவாகச் சொல்கிறேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள், புகை குறையும். டயரின் பூ 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும், அதையும் படியுங்கள். கண்ணாடிக் கறுப்புத்தாளுக்கு 2019-இல் வந்த விதிப்படி முன்கண்ணாடியில் 70 விழுக்காடு வெளிச்சமும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். விளக்குகள், ஹாரன், சக்கர அலைன்மெண்ட், எண்ணெய்க் கசிவு எல்லாவற்றையும் முதல்நாளே பார்த்துவிடுங்கள்.

அந்தச் சாகா தேறியது. பெயரும் மாறியது. பெயிண்ட் வேலை அதற்குப் பிறகுதான் நடந்தது. ஆக நேயர்களே, முதலில் அடித்தளம், பிறகு எண்கள், பிறகு பிரேக், கடைசியாகத்தான் அழகு. சோதிக்கும் அதிகாரிக்காக மட்டும் இதைச் செய்யாதீர்கள், காரில் ஏறப்போகும் உங்கள் வீட்டாருக்காகச் செய்யுங்கள். செம்பனை மரத்தடியில் வருடக்கணக்காக நிற்கும் கார்களில் ஒன்றிரண்டாவது இந்தப் பேச்சைக் கேட்டு மீண்டும் சாலைக்கு வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.