பக்கத்தில் அமர்ந்தவர்கள்



கச்சேரி மேடையில் தனிக் கலைஞரும் சிறு குழுவும் எப்படி இயங்குகிறார்கள் என்பதே இந்த இரண்டு நாள் கருத்தரங்கின் பொருள். இதைப் பேசத் திருப்பதியைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை. தலைமை ஏற்கும் உரிமையில் ஒரு கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் இசை வரலாற்றை நாம் பாடகர்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். நடுவில் உட்கார்ந்தவரின் ஊர், குரு, பட்டம், பதக்கம் எல்லாம் நூல்களில் இருக்கின்றன. அவருக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து அந்தக் கச்சேரியைக் கச்சேரியாக்கியவர்கள் அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறார்கள், பல சமயம் அதுவும் இல்லை. இது மரியாதைக் குறைவு மட்டும் அல்ல. வரலாற்றுப் பிழையும்கூட. திருப்பதி நெடுங்காலம் சேர்ந்திருந்த சித்தூர் மண்ணின் இசை மரபைக் கொண்டே இதை விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1ஆம் தேதி உருவானது. வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியும் கடப்பையின் ஒரு பகுதியும் அதில் சேர்ந்தன. ஆகவே பிறக்கும்போதே இரண்டு மொழி பேசிய மாவட்டம் அது. திருத்தணி 1960 வரை இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை மாயாமாளவகௌளையில் அந்தத் திருத்தணிச் சந்நிதியில்தான் பாடினார் என்பது மரபு. அவருடைய பஞ்சபூதத் தலக் கிருதிகளில் வாயுவுக்கு உரிய உசேனி ராகக் கிருதி காளஹஸ்தியைப் பாடுகிறது. வீணை குப்பையர் காளஹஸ்தீசர்மீது ஐந்தும் வேங்கடேசர்மீது ஐந்துமாகப் பஞ்சரத்தினங்கள் செய்தார். தஞ்சைக்காரர்களும் சென்னைக்காரர்களும் காலங்காலமாக இந்தப் பக்கம் நடந்து வந்து பாடியிருக்கிறார்கள் என்பதற்கு இவ்வளவு போதும். இசையில் எல்லைக்கோடு போட்டு இது தமிழர் பங்கு, இது தெலுங்கர் பங்கு என்று பிரிப்பவர்களுக்குச் சித்தூர் ஒருபோதும் ஒத்துழைக்கவில்லை.

இந்த மாவட்டத்துப் புங்கனூரில் 1898இல் பிறந்தவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. தெலுங்கில் பாடல்கள் இயற்றினார். ஆனந்தபைரவியில் அவர் செய்த ‘மதுரா நகரிலோ’ இன்றும் கச்சேரியின் பிற்பகுதியிலும் நாட்டிய மேடையிலும் உயிரோடு இருக்கிறது. மதுரை சோமு அவருடைய சீடர். இவை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள். அவர் எந்த விதமான மேடையிலிருந்து வந்தார் என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

அவருடைய குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. லயத்தில் மலை போன்றவர் என்று அவரைச் சொல்வார்கள். 1934இல் மறைந்தார். அவர் குரலைக் கேட்க நமக்கு இன்று ஓர் இசைத்தட்டுக்கூட இல்லை. ஆனால் அவர் மேடையின் பெயர் இன்றும் வாய்மொழியில் நிற்கிறது: ஃபுல் பெஞ்ச் கச்சேரி. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பலர் சேர்ந்து அமர்வது போல, பக்கவாத்தியக்காரர்கள் பலர் சேர்ந்து அமரும் கச்சேரி. வயலினுக்கு மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, மிருதங்கத்துக்கு கும்பகோணம் அழகநம்பியா பிள்ளை, கஞ்சிராவுக்கு புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியா பிள்ளை, இன்னும் கடம், முகர்சிங், சில நாள் டோலக்கும் உண்டு. ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தில் தலைமகன். அவர்களில் யாரும் நாயனாப் பிள்ளைக்காகச் சும்மா தட்டிக்கொண்டிருக்க வந்தவர் அல்ல.

அந்த மேடையில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிப்போம். பாடகர் ஒரு கடினமான தாளத்தில் பல்லவியை எடுக்கிறார். எடுப்பு சமத்தில் இல்லை, தள்ளி விழுகிறது. வயலின்காரர் அதை ஒரே கேட்பில் பிடித்தாக வேண்டும். மிருதங்கக்காரர் முதல் ஆவர்த்தனத்தில் சர்வலகுவில் போய்க்கொண்டே பல்லவியின் சொற்கட்டு எங்கே அழுந்துகிறது, எங்கே இழைகிறது என்று அளந்துகொள்கிறார். ஸ்வரம் பாடும்போது பாடகர் போடும் கணக்கை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அது மூன்றாம் முறை வருவதற்குள் நான்கு தாளவாத்தியக்காரர்களும் அதன் முடிவைக் கணித்து ஒரே இடத்தில் வந்து விழ வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட இடத்தைக் கஞ்சிரா எடுக்கிறது, கஞ்சிரா விட்டதைக் கடம் எடுக்கிறது, கொன்னக்கோல் அதே சொல்லை வாயால் சொல்லி அடுத்தவருக்கு நீட்டுகிறது. குறைப்பில் ஆவர்த்தனம் இரண்டு ஒன்றாகி, ஒன்று அரையாகி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வைத்துப் பல்லவிக்குத் திரும்புகிறார்கள். நடத்துநர் இல்லை, எழுதி வைத்த தாள் இல்லை, காதுதான் இருந்தது.

ஐரோப்பியச் சிற்றறை இசையில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுவை உச்சம் என்பார்கள். அங்கும் நடத்துநர் கிடையாது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசிக்க வேண்டும். ஆனால் அங்கே ஹேடனோ பேத்தோவனோ எழுதிக் கொடுத்தது கண்ணெதிரே விரிந்திருக்கும். ஃபுல் பெஞ்ச் மேடையில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் பிறந்தது. அதனால் கேட்பதற்கான சுமை அங்கே இன்னும் கூடுதல் என்பது என் கணிப்பு. சித்தூரார் வளர்ந்தது இந்தச் சுமைக்கு நடுவில். அவருடைய பாட்டில் தெரிந்த லய உறுதியை அவர் ஒருவருடைய மேதைமையாக மட்டும் எழுதுவது பாதி உண்மை. குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெஞ்சைக் கேட்டுக்கேட்டு வந்த உறுதி அது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. அதே காலத்தில் சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கச்சேரி. மிருதங்கம் இல்லை. நகமும் மாட்டாமல் விரலால் மீட்டுவார். வந்து உட்காருகிறவர்கள் பேசாமல் உட்கார வேண்டும். பெஞ்சில் ஏழெட்டுப் பேர், தனம்மாள் வீட்டில் ஒரே ஒரு வீணை. இரண்டும் எதிர்த்துருவங்கள் என்று தோன்றும். ஆனால் தனம்மாளின் பேத்தி பிருந்தா பாடம் கேட்கக் காஞ்சிபுரத்தில் நாயனாப் பிள்ளையிடம்தான் போனார். பிறகு பிருந்தாவும் தங்கை முக்தாவும் சேர்ந்து பாடியதில் ஒருவர் விட்ட கமகத்தை இன்னொருவர் தொடும் நெருக்கம் இருந்ததே, அதில் இரண்டு வீடுகளின் கேள்வி ஞானமும் கலந்திருந்தது. சிறிய இடம், நெருங்கிய அமர்வு, ஒருவரை ஒருவர் கேட்பது. இந்த மூன்றும் இருந்தால் வாத்தியம் ஒன்றானாலும் எட்டானாலும் அது சிற்றறை இசையே என்று நான் கருதுகிறேன்.

அமர்வைப் பற்றியே ஒரு செய்தி. பாடகரின் வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின் என்பது நம் மேடை வழக்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். அவர் வந்தால் இடம் மாறியாக வேண்டும், வயலின்காரர் எழுந்து வலப்பக்கம் போக வேண்டும். அதற்குச் சம்மதிக்காத வயலின்காரர்கள் இருந்தார்கள். அதனால் இவ்வளவு பெரிய வித்வானுக்கு இளமையில் வாய்ப்புகள் தவறின. செம்பை வைத்தியநாத பாகவதர்தான் பிடிவாதமாக அவரைத் தம் பக்கத்தில் அமர்த்தினார். ஒருவருடைய பெருந்தன்மை ஒரு மிருதங்கப் பாணியையே காப்பாற்றியது. இது பாடகர் வரலாற்றில் வருமா, மிருதங்க வரலாற்றில் வருமா? கச்சேரி வரலாறு என்று ஒன்றை நாம் எழுதினால்தான் இதற்கு இடம் கிடைக்கும்.

பக்கவாத்தியமாக இருந்தது நடுவுக்கு வந்த கதையும் நமக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. சித்தூரிலிருந்து அதிக தூரம் இல்லாத வேலூரில் 1938இல் துவாரம் வெங்கடசாமி நாயுடு வயலினைத் தனிக்கச்சேரியாக வாசித்தார். பக்கத்தில் அமர்ந்த வாத்தியத்துக்கு நடுவில் அமரும் தகுதி உண்டு என்று சபை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகளில் அது ஒன்று. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், மாலை ஆறரை மணிக் கச்சேரியை ஒரு வாத்தியக்காரருக்குக் கொடுக்க நம் சபாக்கள் யோசிக்கின்றன என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இடையில் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், 1919 பிப்ரவரியில், தியாசபிகல் கல்லூரிக்கு வந்திருந்த ரவீந்திரநாத் தாகூர் ‘ஜன கண மன’வைப் பாடிக் காட்டினார். கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் கஸின்ஸின் மனைவி மார்கரெட் கஸின்ஸ் அயர்லாந்தில் முறையாக இசை படித்துப் பட்டம் பெற்றவர், பியானோக் கலைஞர். தாகூர் பாடியதைக் கேட்டு அவர் மெட்டை மேல்நாட்டு முறையில் குறித்து வைத்தார். ஒரு வங்காளிக் கவிஞர், ஓர் ஐரிஷ் பெண்மணி, நம் மாவட்டத்து அறை. அருகில் உட்கார்ந்து கேட்ட ஒருவரால் ஒரு நாட்டுக்கு ஆவணம் கிடைத்தது. இந்த மாவட்டத்து இசை வரலாற்றில் இதையும் ஓர் அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும்.

ஒலிபெருக்கி முப்பதுகளில் மெல்ல வந்தது. அதற்கு முன் மண்டபம் நிறைய ஆள் சேர்ந்தால் வயலின் கேட்காது. அதற்காகவே மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினைக் கட்டினார். மைக் வந்ததும் குரலுக்கு ஓய்வு கிடைத்தது. ஆயிரம் பேர் கேட்க முடிந்தது. இது பெரிய நன்மை, மறுக்க மாட்டேன். ஆனால் அத்துடன் மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேட்பது குறைந்தது. இன்று ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் ஒலிப்பெட்டி இருக்கிறது. தம் வாத்தியத்தின் ஒலியை இன்னும் ஏற்றச் சொல்லிக் கை காட்டுகிறார்கள். முகர்சிங்கையும் கஞ்சிராவையும் எட்டடி தூரத்தில் இயல்பான ஒலியில் கேட்டவர்களுக்கு அந்த வாத்தியங்களின் நாதம் எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். ஒலிபெருக்கி வழியே மட்டும் கேட்டு வளரும் தலைமுறைக்கு அது தெரிய வழியே இல்லை.

திருப்பதிக்கு வருகிறேன். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408இல் பிறந்து 1503இல் மறைந்தார். அவருடைய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலிலேயே பல நூற்றாண்டுகள் கிடந்தன. செப்பேட்டில் பாட்டும் ராகப் பெயரும் உண்டு, மெட்டு இல்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி பாடபேதம் பார்த்தார். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பல பாடல்களுக்கு மெட்டமைத்தார். பிறகு நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்துக் கற்றுக்கொடுத்தவை எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் பாலாஜி பஞ்சரத்தினமாலையாகத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் மூலம் வெளிவந்தன. எம்.எஸ். பாடியது என்று சொல்லும்போது அதில் எத்தனை பேருடைய காது இருக்கிறது என்று பாருங்கள். செப்பேட்டைப் படித்தவர், மெட்டமைத்தவர், கற்பித்தவர், கூடவே பாடிய ராதா விஸ்வநாதன், பக்கவாத்தியக்காரர்கள். அதே எம்.எஸ். 1966 அக்டோபர் 23ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார் என்று பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். அன்று வயலின் வாசித்தவர் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி என்பது இசை மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாதஸ்வர மரபைத் தனி அமர்வில் விரிவாகப் பேச இருக்கிறீர்கள் என்பதால் நான் அதிகம் சொல்லவில்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்ற அந்தக் குழு நம் பழைய குழு இசைகளில் ஒன்று. ஒத்து ஊதுபவரின் இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. மணிக்கணக்கில் மூச்சை நிறுத்தாமல் சுருதி தந்த அந்த மனிதர்களைப் பற்றி ஓர் ஆய்வேடாவது வந்தாக வேண்டும்.

இனி இந்த அவைக்கு என் வேண்டுகோள்கள். இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரையும் எந்தக் கச்சேரியைக் குறிப்பிட்டாலும் மேடையில் இருந்த எல்லோருடைய பெயரையும் குறிப்பிடட்டும். தம்பூரா போட்டவர் பெயர் கிடைத்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய ஒலிநாடாக்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை எண்ணிம வடிவில் வெளியிடும்போது பக்கவாத்தியக்காரர் பெயரைத் தேடிப் பதிவிடட்டும். தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், பத்து ஆண்டு போனால் இருக்க மாட்டார்கள். சித்தூர், புங்கனூர், புத்தூர், காளஹஸ்தி ஊர்களில் தவில், நாதஸ்வர, மிருதங்கக் குடும்பங்களின் நினைவுகளைத் தமிழிலும் தெலுங்கிலும் மாணவர்கள் பதிவு செய்யட்டும். 1959இல் தொடங்கிய வேங்கடேசுவரா இசை நடனக் கல்லூரி இருக்கும் ஊர் இது, ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒரு மாலை, ஐம்பது பேர் அமரும் ஒரு கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கச்சேரி நடத்துங்கள். ஒரு மாதம் பாட்டு, ஒரு மாதம் வீணை, ஒரு மாதம் ஃபுல் பெஞ்ச். செலவு அதிகம் ஆகாது. ஒரு கூடமும் ஜமக்காளமும் நல்ல தம்பூராவும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதல் அமர்வில் கஞ்சிராவைப் பற்றிய கட்டுரை இருக்கிறது என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்தேன். பாடகரில் தொடங்காமல் கஞ்சிராவில் தொடங்கும் இந்தக் கருத்தரங்கை மனநிறைவோடு தொடங்கி வைக்கிறேன். கட்டுரையாளர்கள் நேரத்தைக் காக்க வேண்டுகிறேன், கேட்பவர்கள் கடைசிக் கட்டுரை வரை இருக்க வேண்டுகிறேன்.