நீலகிரிப் புல்வெளிகள் தரிசு நிலமா?



ஒரு பிரதேசத்தில் எந்தச் செடி வளரும் என்பதை மண் மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. மழையும் வெயிலும் காற்றும் பனியும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. சமபூமியில் உறைபனி கிடையாது. ஆகையால் அங்குள்ளோர் மரமில்லாத மலைச்சரிவைக் கண்டவுடன் தரிசு என்று கூறிவிடுவர். இவ்வெண்ணம் நீலகிரிக்குப் பெருங்கேட்டை விளைத்தது.

அம்மலையின் உயர்ந்த பாகங்களில் சரிவுகளைப் புல் மூடியிருக்கும். மடிப்புகளில் மாத்திரம் சோலை எனப்படும் அடர்ந்த குட்டைமரக் காடு நிற்கும். யாரோ காட்டை வெட்டிப் புல்லாக்கியது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. அங்குள்ள சதுப்பு நிலங்களில் படிந்த பழைய மண்ணைச் சோதித்ததில், 20,000 வருஷங்களுக்கு முன்பே அங்கே புல் இருந்தமை தெரியவந்தது.

இதற்கு முக்கிய காரணம் உறைபனி. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் பூமியின் உஷ்ணம் தடையின்றி மேலே போய்விடுகிறது. விடியும்போது புல்லின்மேல் உப்பைத் தூவியதுபோலப் பனி உறைந்து கிடக்கும். புல்லின் நுனி கருகினாலும் வேர் பிழைக்கும். மழை பெய்ததும் துளிர்க்கும். சோலைமரக் கன்றோ திறந்த வெளியில் முளைத்தால் பெரும்பாலும் மாண்டுபோம். சோலைக்குள் மரக்கிளைகளே கூரையாக நின்று உஷ்ணத்தைக் காப்பதால் கன்று தப்புகிறது. வெளியில் தனித்து நிற்க வல்ல சுதேச மரம் செந்நிறப் பூப் பூக்கும் ரோடோடென்ட்ரான். தீயும் மேய்ச்சலும்கூடப் புல்லுக்குத் துணைசெய்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூரமரமும், வாட்டில் என்னும் சீகைமரமும் கொண்டுவரப்பட்டன. இவை அக்குளிரைத் தாங்குவன, விரைந்து வளர்வன. முதலில் விறகுக்காகவும், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டுநூலுக்காகவும் புல்வெளிகளில் ஏராளமாக நடப்பட்டன. பயன் உண்டாயிற்று, அதற்கு விலை தண்ணீர். கிளென்மார்கனில் அருகருகேயுள்ள இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் கற்பூரமரம் நட்டுப் பத்து வருஷம் அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்தது. நீலகிரியின் ஓடைகள் பல மோயாற்றிலும் பவானியிலும் சேர்ந்து கீழ்நாட்டு வயல்களுக்குப் பாய்வன. ஆதலால் இது மலைவாசிகளின் கவலை மாத்திரமன்று.

இப்பொழுது சில இடங்களில் சீகையை அகற்றிப் புல்லை மறுபடி நட்டு வருகிறார்கள். அது சுலபமான வேலையன்று. மரத்தை வெட்டி வெளிச்சம் பட்டதும், மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கிய சீகைவிதைகள் திரளாக முளைத்துவிடுகின்றன. அவற்றை வருஷந்தோறும் கையால் பிடுங்கவேண்டியிருக்கிறது.