சனிக்கிழமை நாற்காலி

(தருமபுரி மாவட்டத்தில் நடந்த குறுவள மையக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச அனுமதி கேட்டிருக்கிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர். ஊரும் பெயரும் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரர். கல்லூரியில் படிக்கும்போது மனச்சிதைவு நோய் வந்தது. யாரும் இல்லாதபோதும் காதில் குரல்கள் கேட்டன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள். மாத்திரையில் குரல்கள் ஓரளவு அடங்கின. ஆனால் கூடப் படித்தவர்கள் வருவது நின்றுபோனது.

அவர் வீடு நான் பஸ் ஏறப் போகும் வழியில்தான். திண்ணையில் உட்கார்ந்திருப்பார். என்ன பேசுவதென்று தெரியாமல், செல்போனைப் பார்த்தபடியே இரண்டு ஆண்டுகள் கடந்து போனேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார்: "சார், இப்பவும் டென்த்துக்கு நீங்கதானா?"

அன்றுதான் உட்கார்ந்தேன். பிறகு சனிக்கிழமைதோறும் அரை மணி நேரம் போக ஆரம்பித்தேன். டீ, கிரிக்கெட், மழை, மாங்காய் விலை, இவைதான் பேச்சு. வெளிநாடுகளில் தன்னார்வலர்கள் இப்படி வாரந்தோறும் போய்ப் பழகுவதை முறையான பணியாகவே செய்கிறார்கள். நாம் அதை நட்புத் துணை என்று சொல்லலாம்.

வீடு தேடிப் போவது நம் நாட்டிலும் பலன் தந்திருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் உருவாக்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் பங்கேற்ற ஓர் ஆய்வு, 2014-இல் லான்செட் இதழில் வெளியானது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தில் மனச்சிதைவு உள்ள 282 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்குச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அவர்கள் செய்தது நட்பைவிடக் கூடுதலான வேலை. ஆள் வந்து போன வீடுகளில் முன்னேற்றம் சற்று அதிகம் தெரிந்தது.

ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்திருக்கிறது. ஆனால் பேச்சுத் துணைக்கு வா என்று எந்தச் சட்டமும் யாரையும் அனுப்பாது.

நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை, ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். ஆசிரியர் புத்தி, அது தவறென்று நிரூபிக்கப் பார்த்தேன். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிறகுதான் மனநலப் பணியாளர் ஒருவர் சொன்னார்: "வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். அப்படிக் கேக்கும்போது பயமா இருக்கான்னு மட்டும் கேளுங்க."

இன்னொருமுறை அவருடைய அம்மா, "மாத்திரை போடச் சொல்லுங்க சார், நீங்க சொன்னா கேப்பான்" என்றார். வகுப்பில் அதட்டுவதுபோல் அதட்டினேன். அடுத்த வாரம் அவர் வெளியே வரவில்லை. மாத்திரையைக் கவனிக்க மருத்துவரும் அம்மாவும் இருந்தார்கள். பேச நான் ஒருவன்தான் இருந்தேன்.

மூன்றாவதுதான் பெரியது. பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்று நான்கு சனிக்கிழமை போகவில்லை. சொல்லவும் இல்லை. திரும்பப் போனபோது அம்மா சொன்னார்: "நாலு வாரமும் உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுட்டு உக்காந்திருந்தான் சார்."

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து, வர முடியாவிட்டால் முதல் நாளே போன் செய்துவிடுகிறேன். மாதம் ஒருமுறைதான் முடியுமென்றால் அதையே சொல்லுங்கள், ஆனால் சொன்ன நாளில் போங்கள். அவருடைய சம்மதம் கேட்டுப் போங்கள். அவர் சொன்னதை ஆசிரியர் அறையில் பேசாதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். குடும்பத்திடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு.

குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. சில வாரம் ஒரு சொல்கூடப் பேசமாட்டார். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பேன். அப்போது மட்டும் கேட்பார்: "அடுத்த சனிக்கிழமை வருவீங்கல்ல சார்?"

நம் பழைய வருகைப் பதிவேடுகளில் இப்படி ஒரு பெயராவது இருக்கும். அந்த வீட்டு வழியாகப் போகும்போது, ஒருமுறை நின்று பேசிவிட்டுப் போங்கள்.