உழவருக்கும் வேண்டும் ஒழுங்கான உறக்கம்

மாடு அசை போடாமல் படுத்துக் கிடந்தால் உடனே என்னவென்று பார்க்கிறோம். பயிர் வாடினால் வரப்பில் நின்று யோசிக்கிறோம். ஆனால் வீட்டில் ஒருத்தர் நாலு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால், "வேலை அப்படி" என்று விட்டுவிடுகிறோம்.

படுத்தால் தூக்கம் தானா வருது, இதுக்கு என்ன பாடம் என்று நினைப்பீர்கள். அது வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள். பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொள்ளும். புளிய மரமும் அப்படித்தான். 1729-இல் பிரான்சு நாட்டில் தெ மைரான் என்ற அறிஞர், தொட்டாற்சிணுங்கி போன்ற ஒரு செடியை வெயிலே படாத இருட்டில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அது பகல் நேரத்தில் இலையை விரித்தது, ராத்திரி நேரத்தில் மூடியது. அதாவது செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. நம் உடம்பிலும் ஒன்று ஓடுகிறது. இப்படிப்பட்ட கடிகாரம் வேலை செய்யும் நுட்பத்தைப் பழ ஈக்களில் ஆராய்ந்து சொன்ன அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். ஆகவே படுக்கும் நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும், எழுந்திருக்கும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

"ஐயா, இதெல்லாம் ஆபீஸ்காரருக்குச் சரி. எங்க ஊர்ல மும்முனை கரண்ட் ராத்திரி 11 மணிக்குத்தான் வருது. மோட்டார் போடாம எப்படித் தூங்கறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கரண்ட் வந்ததும் தானே ஓடும் ஆட்டோ ஸ்டார்ட்டரும், வீட்டில் இருந்தபடி செல்போனில் போட்டு நிறுத்தும் கருவியும் கடைகளில் கிடைக்கின்றன. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்திவிடும் பாதுகாப்பும் அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் மோட்டார் தானாக ஓடினாலும் மடை தானாக மாறாதே! வசதி உள்ளவர்கள் ஒரு தொட்டி கட்டி, ராத்திரி அதை நிரப்பி, விடிந்த பிறகு பாய்ச்சலாம். சொட்டு நீர் போட்டவர்களுக்கு மடை மாற்றும் வேலையே இல்லை. சூரிய சக்தி பம்புசெட்டு என்றால் பகலிலேயே பாய்ச்சிவிடலாம். இதற்கு மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2019-இல் தொடங்கியது. உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எதுவும் முடியாதவர்கள், அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் தினமும் கண் விழிக்க வேண்டாம். விழித்தவர் மறுநாள் காலையில் டிராக்டர் ஓட்டவோ, மருந்து அடிக்கவோ, தட்டை வெட்டும் மெஷினில் கை வைக்கவோ கூடாது. ஒரு நொடி கண் அசந்தால் போதும், கை போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கலாம். பொழுது சாயும் வரை தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும்.

சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த டீயின் சரக்கில் ஏறக்குறைய பாதி, ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். சாராயம் குடித்தால் நல்லாத் தூக்கம் வரும் என்பவர்கள், நடுச்சாமத்தில் விழித்து உட்கார்ந்திருப்பதைச் சொல்வதில்லை. செல்போனைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கடைசியாகப் படுத்து, பால் கறக்க முதலில் எழுகிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். பாத்திரத்தைக் காலையில் கழுவினால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

படுக்கும் இடத்தையும் பாருங்கள். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கட்டிலில் படுப்பது நல்லது. தரையில்தான் என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். கொசுவும் அண்டாது, பாம்பும் நுழையாது. இந்தப் பாம்பு கடித்தால் பல சமயம் வலியோ வீக்கமோ தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமையைத் தூக்க முடியாமல் கண் சொக்குவது, நாக்குக் குழறுவது என்று காட்டும். தூக்கக் கலக்கம், இன்னும் கொஞ்சம் படுக்கட்டும் என்று விடாதீர்கள். மந்திரிக்கவும் போகாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து, விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.