மெதுவாக மிதிப்பவர் முன்னால் போகட்டும்



பிள்ளைகளைப் பல நாள் சைக்கிள் பயணத்திற்கு அனுப்பலாமா? இன்றைய கேள்வி இதுதான். பெற்றோரின் பயத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், பின்னிரவு மூன்று மணி அளவில், மாற்றியமைத்த சைக்கிள்களோடு சாலையில் இருந்த பிள்ளைகள் மீது கார் மோதியது. எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். 'பாசிக்கால் லாஜாக்' என்ற சொல்லைக் கேட்டாலே பல தாய்மார்களுக்கு வயிறு கலங்குகிறது.

அதற்காகச் சைக்கிளைப் பூட்டி வைத்தால் பிள்ளையின் ஆசை அடங்கிவிடுமா? நண்பர்களோடு ஊர் தாண்டிப் போக வேண்டும், தன் காலின் பலத்தைத் தானே பார்க்க வேண்டும் என்பது அந்த வயதின் பசி. வீட்டில் சோறு கிடைக்காத பிள்ளை வெளியே எதையாவது தின்னத்தான் செய்யும். அந்தப் பசிக்கு முறையான சாப்பாடு போடுவது சாரணர் இயக்கம்.

இந்த இயக்கத்திற்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. 1899-1900-இல் தென்னாப்பிரிக்காவின் மாபெகிங் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, சிறுவர் படையினர் சைக்கிளில் செய்தி கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவரான குட்இயர் சைக்கிளில் அமர்ந்திருக்கும் படம் அந்நகரின் அஞ்சல் தலையிலேயே இடம்பெற்றது. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர்கள் ஏற்பார்கள் என்பதை அங்கே கண்ட பேடன் பவல், 1907-இல் பிரௌன்சி தீவில் முதல் முகாமை நடத்தினார்.

இனி கேமரன் மலைக்கு வருவோம். தாப்பாவில் புறப்பட்ட ஒரு சாரணர் குழு முதல் நாள் மலையேறி ரிங்லெட்டில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் எப்படி விடியும்? பசியாறுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் பிரேக், டயர், சங்கிலி மூன்றையும் சோதிப்பார்கள். பிற்பகலில் மழை வரக்கூடிய மலை என்பதால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வரிசையில் முன்னால் போவது யார்? பலசாலி அல்ல, குழுவிலேயே மெதுவாக மிதிப்பவர். அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். காற்றடிக்கும் பம்போடும் ஒட்டுப்போடும் சாமான்களோடும் சாரண ஆசிரியர் கடைசியில் வருவார். முந்திப் போய்ப் பெயர் வாங்க நினைக்கும் பையனுக்கு இதைவிடக் கடினமான பாடம் உண்டா?

ரிங்லெட் ஏரியைக் கடந்து ஹாபுவில் திரும்பினால் போ தேயிலைத் தோட்டத்துச் சாலை. குறுகலான சாலை, வளைவுக்கு வளைவு எதிரே வண்டி வரலாம். முன்னால் போகிறவர் "வண்டி!" என்று குரல் கொடுக்க, அந்தக் குரல் கடைசி ஆள் வரை கைமாறிப் போகும்.

1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய தோட்டம் அது. கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளையும் துணையிருக்க, மனிதக் கைகள் காட்டைத் திருத்தின. அந்தக் கைகளில் தமிழர் கைகளும் உண்டு. கூடை சுமந்து அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிய பாட்டிமார்களின் கதையைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் மூச்சு வாங்க ஒரு மேட்டை மிதித்து ஏறிய பிள்ளைக்கு அந்தக் கதை காலிலேயே புரிந்துவிடும். காரில் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பேறு கிடைக்காது.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்து. 2010 டிசம்பரில் இதே மலையின் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி 28 பேர் மாண்டார்கள். ஆகவே சாரணர்கள் இறக்கத்தில் இடைவெளி விட்டு, இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்கப் பழக வேண்டும். மழை பெய்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.

பெற்றோர்களே, கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு அனுப்புங்கள். தலைக்கவசம் உண்டா? கூடவே உதவி வண்டி வருகிறதா? முதலுதவி தெரிந்தவர் யார்? மழை வந்தால் எங்கே ஒதுங்குவார்கள்? இரவுத் தங்கல் எங்கே? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத குழுவோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

பதில் சொல்லும் குழுவாக இருந்தால் தடுக்காதீர்கள். தன்னைவிட மெதுவாகப் போகிறவனுக்காக வேகத்தைக் குறைக்கவும், இறக்கத்தில் தன்னைத்தானே அடக்கவும் ஒரு நாள் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை மோட்டார் சைக்கிளில் ஏறினாலும் அந்தப் பழக்கத்தோடுதான் ஏறுவான். பெற்றோரின் பயத்திற்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.