பணமில்லாத காலத்தில் சபை எதற்கு?

(யாழ்ப்பாணத்தில் உழவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நெருக்கடிக் காலத்தில் உள்ளூராட்சித் தலைமையும் நிர்வாகமும் எவ்வாறு அமைய வேண்டும் என்ற பொருளிலே பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருள் பெரிது, நேரமோ சிறிது. ஆகவே ஒரேயொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கையிலே காசில்லாத காலத்தில் நமக்கு ஒரு சபை எதற்கு? இது நான் கற்பனையாகக் கிளப்பும் கேள்வியன்று. கொழும்பிலே ஆட்சிபீடத்தில் இருந்தவர்கள் கேட்ட கேள்வி இது. கேட்டதோடு நில்லாமல், விடையையும் தாமே எழுதிக்கொண்டார்கள். அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2022 ஏப்பிரல் 12 ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று இலங்கை அரசாங்கம் உலகறிய அறிவித்தது. அதன் பின் வந்த மாதங்களை உங்களுக்கு நான் வருணிக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, வெங்காயத் தறைக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். கரையிலே வள்ளத்தை இழுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் நம் கடற்றொழிலாளர். அரச செலவைக் குறைக்கும்படியும் புதிய நியமனங்களை நிறுத்தும்படியும் சுற்றறிக்கைகள் வந்தன. ஓய்வு பெறும் வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டமையால், அவ்வாண்டு இறுதியிலே அனுபவம் மிக்க அலுவலர் பலர் ஒரே நாளில் நாற்காலியை விட்டு எழுந்தனர். சபையின் குப்பை வண்டிக்கும் எரிபொருள் இல்லை; அதனை ஓட்டுபவர் போனால் அவ்விடத்துக்கு ஆளும் இல்லை.

இந்த நிலையிலேதான் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. 2023 மார்ச் 9 ஆந் திகதி வாக்கெடுப்பு என்று நாள் குறிக்கப்பட்டது. அதற்கென 1000 கோடி ரூபாவைப் பாராளுமன்றமே ஒதுக்கியிருந்தது. ஆனால் திறைசேரி பணத்தை விடுவிக்கவில்லை. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கலாகாது என்று மார்ச் 3 ஆந் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை இட்டது. அதன் பின்னரும் தேர்தல் நடக்கவில்லை. மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் ஆயுள் முடிந்தது. மறுநாள், மார்ச் 20 ஆந் திகதி, சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுதவிக்கு அங்கீகாரம் அளித்தது. தற்செயலாக அமைந்த நாட்களே. ஆயினும் சிக்கனம் என்ற பெயரால் நாடெங்கும் எத்தனையோ முடிவுகள் எடுக்கப்படவிருந்த வேளையில், அம்முடிவுகளைத் தம் தெருவிலே நின்று தட்டிக் கேட்கத்தக்க பிரதிநிதி எவரும் கிராமத்தில் இல்லாமற் போனார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக யாழ்ப்பாண மாவட்டத்தின் 17 சபைகளும் அதிகாரிகளின் பொறுப்பிலே இருந்தன. நிதி அமைச்சராகவும் இருந்த அன்றைய சனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று 2024 ஓகஸ்ட் 22 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆந் திகதி தேர்தல் நடந்தது. யூன் மாதத்தில் புதிய சபைகள் கூடின.

இடைக்காலத்தில் சபைகளை நடத்திய அதிகாரிகளை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களிலே திறமைசாலிகள் பலர், நேர்மையாளர் பலர். ஆயினும் அதிகாரி மேலே பார்த்துக் கணக்குச் சொல்பவர். உறுப்பினர் கீழே பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டியவர். அரிசி நிறைந்த வீட்டிலே அகப்பையை யார் பிடித்தாலும் எல்லாரும் உண்டு எழுவர். அரைக் கொத்து அரிசி மட்டும் உள்ள வீட்டிலேதான் யாருக்கு முதலிற் போடுவது, யார் பட்டினி கிடப்பது என்ற கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விக்குச் சுற்றறிக்கையிலே விடை கிடையாது. கஞ்சி குறைந்த காலத்திலேதான் அகப்பை பிடிப்பவரைத் தெரிவுசெய்யும் உரிமை நமக்கு மிகவும் வேண்டியதாகிறது.

இவ்வுரிமை நமக்கு மலிவாகக் கிடைத்ததுமன்று. பழைய கிராமசபைகளும் பட்டினசபைகளும் 1981 இல் ஒழிந்தன. பின்னர் போர் வந்தது. 1998 சனவரியில் இம்மாவட்டத்திலே மீண்டும் சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. யாழ் மாநகர முதல்வராக வந்த சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே 17 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11 ஆந் திகதி குண்டுவெடிப்பிலே மாண்டார். உயிரைக் கொடுத்து வகித்த ஆசனத்தை, காசில்லை என்று சொல்லி வெறுமையாக வைத்தார்கள்!

இவ்வளவும் பிறரைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்ல வேண்டும். கொழும்பு நமக்குச் செய்தது ஒருபுறம் இருக்க, கையிலே சபை இருந்த காலத்தில் நாம் செய்தது என்ன?

2018 தேர்தலில் யாழ் மாநகர சபையிலே எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2020 டிசெம்பர் மாதத்தில் வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட்டது. முதல்வர் பதவி இழந்தார். அம்மாதம் 30 ஆந் திகதி வேறொருவர் முதல்வரானார். 2022 முடியும் தறுவாயில் அவரும் விலகினார். 2023 சனவரியில் முன்னவர் மீண்டும் வந்தார். நாடு கடனிலே மூழ்கிய அதே மாதங்களில் நம் தலைநகரிலே நாற்காலி கைமாறிக்கொண்டிருந்தது. வரவு செலவுத் திட்டம் என்பது ஓராண்டுக்கு எந்த ஒழுங்கை திருத்தப்படும், எந்த வாசிகசாலைக்குப் பத்திரிகை வரும் என்பதைச் சொல்லும் ஏடு. அதனை ஒருவரை வீழ்த்தும் கோடரியாக மட்டும் கையாண்டால், அந்த ஏட்டிலே எழுதியிருப்பதை யார் படிப்பார்? 2025 தேர்தலிலும் மாநகர சபையில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே இந்த எச்சரிக்கை இன்னும் காலாவதியாகவில்லை.

சிக்கனம் என்றதும் நிர்வாகிக்கு முதலிலே தோன்றும் வழி, எல்லாத் தலைப்புகளிலும் பத்து வீதத்தைக் குறைப்பது. பார்வைக்கு அது நீதி போலிருக்கும், ஒருவரும் கோபிக்கமாட்டார். என் கருத்தில் அது தலைமையைக் கைகழுவும் வழி. வரவேற்புக்கும் பொன்னாடைக்கும் பத்து வீதம் குறைத்தால் நட்டம் ஒன்றுமில்லை. மாரிக்கு முன்னர் வெள்ளவாய்க்கால் துப்புரவாக்கும் செலவிலே பத்து வீதம் குறைத்தால், ஐப்பசி கார்த்திகையிலே நீர் ஓட இடமின்றித் தோட்டத்துக்குள் ஏறும். சபைக்கு மீதமான சில ஆயிரம் ரூபாவுக்கு உழவன் ஒரு போகத்தையே விலையாகக் கொடுப்பான். இந்தக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. மாரியிலே ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. குளத்திலும் கேணியிலும் தங்கும் மழைதான் நம் கிணற்று நீர். குளம் எந்தத் திணைக்களத்துக்கு உரியது, வாய்க்கால் எந்தச் சபைக்கு உரியது என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பெய்து கடலுக்குப் போய்விடுகிறது. வழுக்கையாறு பல சபைகளின் எல்லையைத் தாண்டி அராலிக் கடலை அடைகிறது. மண் அள்ளும் இயந்திரத்தை ஒவ்வொரு சபையும் தனித்தனியே வாங்க வேண்டுமா? அயற்சபைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓர் இயந்திரத்தை முறைவைத்துப் பயன்படுத்த ஏன் இயலாது? கோயில் திருவிழாவிலே உபயம் முறைவைத்துச் செய்யத் தெரிந்த நமக்கு இது தெரியாத வித்தையா?

இனி, காசே தேவைப்படாத ஒரு காரியத்தைச் சொல்கிறேன். உழவர்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும்.

நம் சந்தைகள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கிவந்த 'பத்து வீதக் கழிவு' என்ற வழக்கத்தை அறிவீர்கள். உழவன் 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தால் 90 கிலோவுக்கே பணம். அழுகலுக்கென்றும் மண்ணுக்கென்றும் மீதி 10 கிலோ கழிக்கப்படும். அவன் கத்தரிக்காய் அழுகியிருந்ததா என்று எவரும் பார்ப்பதில்லை. கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைப் பொழுதிலே 2000 ரூபா போயிற்று. கிழமைக்கு இரண்டு முறை சந்தைக்குப் போகிறவனுக்கு மாதத்திலே 16,000 ரூபா! சபைக்குக் கட்டும் சோலைவரி ஓராண்டுக்கு எவ்வளவு என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இக்கழிவை நிறுத்தக் கோரி உழவர்கள் பலமுறை குரல் எழுப்பியிருக்கிறார்கள்.

சந்தை யாருடையது? சபையுடையது. குத்தகைக்குக் கொடுப்பது யார்? சபை. குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைகளை எழுதுவது யார்? சபை. நிறுத்த எடைக்கு முழுப்பணம் கொடுக்க வேண்டும், மீறினால் குத்தகை இரத்து என்று ஒரு வரி எழுதத் திறைசேரியின் அனுமதி வேண்டுமா? நாணய நிதியத்தின் சம்மதம் வேண்டுமா? சந்தை வாயிலிலே சபையின் சொந்தத் தராசு ஒன்றை வைத்து, வேண்டியவர் நிறுத்துப் பார்க்கலாம் என்று விட்டால் அதற்கு என்ன பெருஞ் செலவு? வேண்டியது மனத்துணிவு மட்டுமே. குத்தகைக்காரர் முகம் சுளிப்பார். அடுத்த ஆண்டு கேள்வித் தொகை சிறிது குறையவுங் கூடும். அந்தக் குறைவைச் சபையிலே எழுந்து நின்று, 'ஆம், குறைந்தது. இன்னின்ன காரணத்தால் குறைந்தது' என்று சொல்லக்கூடியவரே தவிசாளர் ஆசனத்துக்கு உரியவர்.

சோலைவரியைத் தொட்டேன், அதைப்பற்றியும் ஒரு சொல். வரி நிலுவையைக் கேட்க நம் உறுப்பினர் அஞ்சுகிறார்கள். வாக்குப் போய்விடுமாம். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழ்பவர்களுக்கு உரிய பூட்டிய வீடுகள் எத்தனை தெருக்களில் இருக்கின்றன! அவர்களிலே பலர் கோயிற் கோபுரத்துக்கு மனமுவந்து பணம் அனுப்புகிறார்கள். ஏன்? கோபுரம் உயர்வது கண்ணுக்குத் தெரிகிறது. தன் வரி எந்த மதகாயிற்று, எந்த விளக்காயிற்று என்பதைச் சபை காட்டினால் அவர்கள் அதனையும் கொடுப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

யாழ் பொது நூலகத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அதன் முடிவை எல்லாரும் பேசுகிறோம். தொடக்கத்தைப் பேசுவோர் குறைவு. உலகமெங்கும் பொருளாதார மந்தம் பரவியிருந்த 1933 இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 இல் ஆஸ்பத்திரி வீதியிலே வாடகை அறையொன்றில் அது நூலகமாயிற்று. 1935 இன் முதல் நாளில் அன்றைய நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகரமான பின், முதல் மாநகர முதல்வர் சாம் சபாபதி போன்றோர் முன்னின்று மக்களிடம் நிதி திரட்டினர். 1959 ஒக்டோபர் 11 ஆந் திகதி அழகிய மாளிகை திறக்கப்பட்டது. பணம் வந்த பின் திட்டம் பிறந்ததா? திட்டத்தையும் கணக்கையும் மக்கள் நம்பினர். அதன் பின்னரே பணம் வந்தது.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெகிரி நகரிலே 1989 இல் பொறுப்பேற்ற சபை, வருமானத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும் நிலையைக் கண்டது. எஞ்சிய சிறுதொகையை என்ன செய்வது என்பதை வட்டாரம் வட்டாரமாகக் கூட்டங் கூட்டி மக்களையே வரிசைப்படுத்தச் சொன்னது. குடிசைகள் நிறைந்த வட்டாரங்கள் குடிநீரையும் வடிகாலையும் முதலிலே கேட்டன. அவை அங்கே போயின. பின்னர் உலகின் பல நகரங்கள் அந்த வழியைப் பின்பற்றின.

குப்பையைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் மாநகரவாசிகள் என்னை விடமாட்டார்கள். நகரத்துக் குப்பை கல்லுண்டாய் வெளியிலே மலையாகிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு நவெம்பரிலே தடையை நீக்கியபோது, நம் உழவர் சேதனப் பசளைக்கு அலைந்தார்கள். திருநெல்வேலியிலும் சுன்னாகத்திலும் சந்தை முடிந்த பின் ஒதுக்கப்படும் இலைகுழையைத் தனியே பிரித்தாலே எருவாகும். பிரிப்பதற்கு வெளிநாட்டு இயந்திரம் வேண்டாம். இரண்டு தொட்டியும், அவற்றைக் கலக்காமல் ஏற்றும் ஓர் ஒழுங்கும், அந்த வேலையைச் செய்யும் சுகாதாரத் தொழிலாளிக்கு நிரந்தர நியமனமும் வேண்டும். சிக்கனத்தின் கத்தி முதலிலே அந்தத் தொழிலாளியின் நாட்கூலியிலே விழுவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

ஒவ்வோர் ஆண்டும் முடிவதற்குள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வர வேண்டும். வருமுன் அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? இங்கே கணக்காளர் இருக்கிறீர்கள், பொறியியலாளர் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். நீங்கள் நான்கு பேர் சேர்ந்து அந்த வரைவைப் படித்து, எளிய தமிழிலே ஒரே தாளில் எழுதிச் சந்தை வாயிலில் ஒட்டுங்கள். உழவர்களாகிய நீங்கள் அடுத்த குத்தகைப் பத்திரம் எழுதப்படும் நாள் எது என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். அதிலே தராசைப் பற்றிய வரி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.